ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சின்னது, ஸ்பீக்கர் பெரிசு, பிறகும் காயில் எரிவது ஏன்? மைக் செட் வைத்திருப்பவர்களுக்கு

கோயில் கொடை (திருவிழா) சீசன் முடிந்து வைகாசி கடைசியில் என் மேசைக்கு 15 இஞ்ச் ஸ்பீக்கர்கள் வரிசையாக வரும். கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஆம்ப் சின்னதுதான் அண்ணே, ஸ்பீக்கர் தாங்குற வாட்கூட வராது. பின்ன எப்பிடி எரிஞ்சுது?"

பதில் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கும். கோனின் (முன்னால் தெரியும் கூம்பு) இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல ஸ்பீக்கர் சத்தமே இல்லாமல் உள்ளே போய்த் திரும்பி வரும். எரிந்தது என்றால் மணலில் தேய்ப்பது போல் கரகரவென்று உரசும், இல்லையென்றால் அசையவே அசையாது. கோனை வெட்டி எடுத்தால், செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய காயில் (கம்பிச் சுருள்) கறுத்து, ஒன்றிரண்டு சுற்று கழன்று, அது சுற்றியிருக்கும் குழல் கொப்புளம் போட்டிருக்கும். அந்தக் கருகிய வார்னிஷ் வாடை ஒரு தடவை மூக்கில் ஏறினால் பிறகு மறக்காது.

ஸ்பீக்கருக்கு நாம் கொடுக்கிற பவரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு, மிஞ்சிப் போனால் ஐந்து பங்குதான் சத்தமாக வெளியே வருகிறது. மீதி முழுக்க காயிலில் சூடாக நிற்கிறது. அதனால் ஸ்பீக்கர் சாவதற்கு இரண்டே வழிதான். ஒன்று, அந்தச் சூடு காயிலால் தாங்க முடியாத அளவுக்கு ஏறுவது. இன்னொன்று, கோன் போகக்கூடாத தூரம் முன்னும் பின்னும் போய் அடிவாங்குவது. ஆம்பையும் ஸ்பீக்கரையும் சேர்க்கும்போது நாம் செய்கிற கணக்கு எல்லாம் இந்த இரண்டையும் தடுக்கத்தான். வாட்டுக்கு வாட் சரியாக வந்துவிட்டால் போதும் என்று நினைப்பதால்தான் பணம் போகிறது.

பின்தகட்டை ஒழுங்காகப் படியுங்கள்

பாக்ஸின் பின்னால் இருக்கும் தகட்டில் மூன்று எண் இருக்கலாம். ஆர்.எம்.எஸ். அல்லது கன்டினியூவஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு) என்று ஒன்று, புரோகிராம் என்று அதைப்போல் இரண்டு மடங்கு, பீக் என்று நான்கு மடங்கு. 400 வாட் ஆர்.எம்.எஸ். ஸ்பீக்கரையே 800 என்றும் 1600 என்றும் எழுதலாம், மூன்றும் ஒரே ஸ்பீக்கர்தான். ஏ.இ.எஸ். என்று போட்டிருந்தால் நல்லது, 2 மணி நேரம் தொடர்ந்து பிங்க் நாய்ஸ் என்னும் இரைச்சலை ஓட்டிச் சோதித்த அளவு அது. பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஐயாயிரம், பத்தாயிரம் என்று எழுதியிருந்தால் அந்த எண்ணைத் தொடவே தொடாதீர்கள், அதற்கு ஒரு பொது அளவுகோலே கிடையாது. கடைக்காரர் எந்த எண்ணைச் சொன்னாலும் "இது ஆர்.எம்.எஸ்.ஸா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆம்பிலும் இதே விளையாட்டு உண்டு. முகப்பில் 1000 + 1000 என்று போட்டிருக்கும், கூட வந்த புத்தகத்தைத் திறந்தால் அந்த 1000 வருவது 2 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் தடை அளவு), 4 ஓமில் 750, 8 ஓமில் 450 என்று இருக்கும். உங்களிடம் இருப்பது 8 ஓம் பாக்ஸ் என்றால், ஒரு சேனலுக்கு ஒரு பாக்ஸ் போடும்போது அது உங்களுக்கு 450 வாட் ஆம்ப், அவ்வளவுதான். வாட்டை ஓமோடு சேர்த்துச் சொல்லாத வரைக்கும் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஓம் கணக்கு

ஒரு பாக்ஸில் இருந்து அடுத்த பாக்ஸுக்கு வயர் இழுத்துப் போடுகிறோமே, அது பேரலல். 8 ஓம் பாக்ஸ் இரண்டு அப்படிச் சேர்ந்தால் 4 ஓம், நான்கு சேர்ந்தால் 2 ஓம். ஆம்ப் 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று எழுதியிருந்தால் மூன்றாவது பாக்ஸை மாட்டாதீர்கள். இது முதலில் கெடுப்பது ஆம்பைத்தான், ஆனால் ஸ்பீக்கரும் தப்பாது. சூடேறி அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கும் டி.சி. வோல்டேஜ் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். கோன் ஒரே பக்கமாகத் தள்ளி நின்று, சில நொடிகளில் காயில் புகைந்துவிடும். புரொடெக்ஷன் ரிலே (கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத, அல்லது ரிலே ஒட்டிப்போன பழைய ஆம்ப்களில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரிப்பேர் செய்து வந்த ஆம்பை மாட்டுவதற்கு முன்னால் ஸ்பீக்கர் இல்லாமல், இன்புட்டும் இல்லாமல், அவுட்புட்டில் மீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அதில் பாக்ஸை மாட்ட வேண்டாம், திருப்பிக் கொண்டு போங்கள்.

பிரிட்ஜ் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு சேனலையும் சேர்த்து பிரிட்ஜில் 4 ஓம் மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓம் மாதிரிதான் தெரியும். தாங்குமா என்று புத்தகத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வேறு வேறு பாக்ஸைக் கலந்து மாட்டுகிற வழக்கம் நம்ம ஊரில் அதிகம். அத்தானிடம் இரண்டு, மச்சானிடம் இரண்டு என்று வாங்கிச் சேர்ப்போம். ஒரே ஓம் உள்ள 200 வாட் பாக்ஸும் 500 வாட் பாக்ஸும் பேரலலில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே அளவு பவர்தான் போகும், அதனால் சின்னதை வைத்துத்தான் ஆம்பைக் கணக்குப் பார்க்க வேண்டும். 4 ஓமும் 8 ஓமும் கலந்தால் 4 ஓம் பாக்ஸ் இரண்டு மடங்கு இழுக்கும். முடிந்தால் கலக்காதீர்கள், வேறு வழியில்லை என்றால் சேனலைப் பிரித்து மாட்டுங்கள்.

தகடு உரிந்துபோன பாக்ஸ் என்றால் மீட்டரை ரெசிஸ்டன்ஸில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 சொச்சம் காட்டும். மீட்டர் அளப்பது காயிலின் டி.சி. ரெசிஸ்டன்ஸை, அது எப்போதும் எழுதியிருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். 6 காட்டுகிறதே, கெட்டுப்போச்சோ என்று பயந்து யாரும் மாற்ற வேண்டாம்.

சரி, எவ்வளவு வாட் ஆம்ப் வாங்குவது

மிக்சரில் உட்காருகிறவர் காதும் கையும் சரியாக உள்ளவர், எப்போதும் அவர்தான் உட்காருவார், லிமிட்டரும் (சத்தம் எல்லை தாண்டாமல் பிடிக்கும் கருவி) இருக்கிறது என்றால் ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 400 வாட் 8 ஓம் பாக்ஸுக்கு 8 ஓமில் 600 முதல் 800 தரும் ஆம்ப். அதே பாக்ஸ் இரண்டை ஒரே சேனலில் போடுகிறீர்கள் என்றால் 4 ஓமில் 1200 முதல் 1600.

பெரிய ஆம்ப் ஏன்? பாட்டில் சத்தம் ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. செண்டையில் ஒரு அடி விழும்போது வேண்டிய பவர், அந்தப் பாட்டின் சராசரியைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும், அந்த ஒரு நொடித் துண்டுக்கு ஆம்பில் இடம் வேண்டும். காயிலைச் சூடாக்குவது சராசரி. அது பத்தில் ஒரு பங்குதான் என்பதால் 800 வாட் ஆம்பில் பாட்டை உடைக்காமல் ஓட்டினால் 400 வாட் ஸ்பீக்கர் நிம்மதியாக இருக்கும்.

இளைஞர் மன்றத்துப் பையன்கள், கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கிற பிள்ளைகள் என்று யார் யாரோ கைவைக்கிற செட் என்றால் ஆர்.எம்.எஸ். அளவுக்குச் சமமாக நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஆம்பில் சிவப்பு லைட் எரிந்துகொண்டேதான் இருக்கும், யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்துக்கு ஆர்.எம்.எஸ்.ஸில் பாதி போதும். அந்த இடத்துக்கு ஆம்பைச் சின்னதாக்கும்போது பாக்ஸை இரண்டு கூட்டிக் கொண்டு போங்கள், அப்போதுதான் அவர்கள் சத்தத்தைக் கூட்ட மாட்டார்கள். வீட்டில் கேட்கிற செட்டுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, உடையாத சத்தத்தில் கேட்டால் பெரும்பாலும் எந்த ஆம்பும் ஸ்பீக்கரைக் கெடுக்காது.

ஆம்பில் காசு போடும் முன்னால் இன்னொரு எண்ணையும் பாருங்கள், 1 வாட்டுக்கு 1 மீட்டரில் எத்தனை டெசிபல் என்பது. 98 டெசிபல் பாக்ஸ் 200 வாட்டில் தருகிற சத்தத்தை 95 டெசிபல் பாக்ஸ் தர 400 வாட் வேண்டும். 3 டெசிபலுக்கு இரண்டு மடங்கு பவர். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் போல் தோன்ற வேண்டும் என்றால் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். 500 வாட் ஆம்பை 1000 ஆக்கினால் சத்தம் இரட்டிக்கும் என்று நினைத்துச் செலவழித்தவர்கள் எத்தனையோ பேர்.

சிவப்பு லைட் எரிந்தால் என்ன நடக்கிறது

இதுதான் அந்தச் சின்ன ஆம்ப் கேள்விக்குப் பதில். ஆம்புக்கு ஓர் உச்ச வோல்டேஜ் உண்டு, அதற்கு மேல் அது ஏறாது. நீங்கள் மிக்சரில் கூட்டக் கூட்ட அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். இதைத்தான் கிளிப் என்கிறோம், சிவப்பு லைட் காட்டுவதும் இதைத்தான். முழுக்க வெட்டுப்பட்ட சதுர அலையில், 400 வாட் என்று எழுதியிருக்கிற ஆம்பில் இருந்து 800 வாட் வரை வரலாம். அதோடு, உச்சி அங்கேயே நிற்க, மெல்லிய இடங்கள் எல்லாம் மேலே ஏறிவருவதால் பாட்டின் சராசரி கூடிக்கொண்டே போகும். 6 டெசிபல் அதிகமாகத் தள்ளினால் சராசரி கிட்டத்தட்ட நான்கு மடங்கு. காயிலுக்கு ஓய்வே கிடைக்காது.

முதலில் போவது பெரும்பாலும் மேலே இருக்கும் டுவீட்டர் யூனிட்தான். 400 வாட் பாக்ஸிலும் அது தாங்குவது ஐம்பது வாட் சொச்சம்தான் இருக்கும், ஏனென்றால் பாட்டில் கீச்சுச் சத்தத்துக்குப் பங்கு குறைவு. பேஸ் (கனத்த அடிச் சத்தம்) வெட்டுப்படும்போது பேஸ் கூடாது, ஆனால் மேல் சத்தம் கூடிக்கொண்டே இருக்கும், வெட்டுப்பட்ட அலையும் தன் பங்குக்குப் புதிதாக மேல் சத்தத்தை உண்டாக்கும். எல்லாம் டுவீட்டரின் அந்தச் சின்ன டயாஃப்ரம் (சவ்வு) தலையில் விழுகிறது. கிளிப் ஆனால் டி.சி. போகும், அதுதான் எரிக்கிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. எரிப்பது கூடிப்போன சராசரிதான்.

இன்னொன்றும் நடக்கும். செம்பு 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ஆம்பில் இருந்து இழுக்கிற பவர் குறையும், சத்தம் மங்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "என்ன அண்ணே, சாயந்திரம் இருந்த சத்தம் இப்ப இல்லியே" என்று கேட்டு யாராவது கூட்டச் சொன்னால், அது காயில் உங்களிடம் தண்ணி கேட்கிற நேரம். கூட்டாதீர்கள். கால் மணி நேரம் மெல்லிய சத்தத்தில் ஓட்டுங்கள்.

ஆம்பின் நாப்பைப் பாதியில் வைத்தால் பாதி வாட்தான் வரும் என்பது பெரிய தவறு. அந்த நாப் இன்புட்டைத்தான் குறைக்கிறது. மிக்சரில் இருந்து நிறைய அனுப்பினால் பாதியிலும் முழு வாட் வரும், கிளிப்பும் ஆகும். செய்ய வேண்டியது இப்படி: பாக்ஸைக் கழற்றிவிட்டு, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை மிக்சரின் மீட்டர் மஞ்சளில் நிற்கும்படி ஓடவிட்டு, ஆம்பின் கிளிப் லைட் உச்சியில் மட்டும் மினுக்கும் வரை நாப்பைத் திருப்பி, அங்கிருந்து 3 டெசிபல் பின்னால் வந்து, அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். லோடு ஏறினால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளிப் ஆகும், அந்த 3 டெசிபல் அதற்குத்தான். பாக்ஸ் ஆம்பைவிடச் சின்னது என்றால் இந்தக் கோடு பாக்ஸைக் காப்பாற்றாது, லிமிட்டர் வேண்டும். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்டேஜ் வரும். 400 வாட், 8 ஓம் என்றால் சுமார் 56 வோல்ட். அதற்கு மேல் தொடர்ந்து நிற்காதபடி லிமிட்டரை வையுங்கள்.

குடத்துக்கு மைக் வைக்கும்போது

சூடு இல்லாமலே ஸ்பீக்கர் போன கதை என்னுடையது. இரணியல் பக்கம் ஒரு கோயில் கொடை, ராத்திரி வில்லிசை. புலவருக்கு, பக்கப்பாட்டுக்கு, உடுக்குக்கு என்று மைக் வைத்துவிட்டு, குடத்தின் வாய்க்கு நேரே ஒரு மைக்கை நெருக்கி வைத்தேன். குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று மொத்தமாக வெளியே வந்து மைக்கில் மோதும். காதுக்கு 'தொம்' என்று அழகாகக் கேட்பதற்குக் கீழே, கேட்காத அளவுக்கு ஒரு தள்ளல் இருக்கிறது. "தம்பி, கொடத்துக்குச் சத்தம் பத்தல, கொஞ்சம் கூட்டு மக்கா" என்றார் புலவர். கூட்டினேன். கதை சூடு பிடிக்கிற நேரத்தில் வலது பக்க பாக்ஸில் 'டக், டக்' என்று இரும்பில் தட்டுவது போல் ஒரு சத்தம். ஆம்பில் கிளிப் லைட் ஒரு தடவைகூட எரியவில்லை. மறுநாள் கழற்றிப் பார்த்தால் காயில் கறுக்கவே இல்லை, மேக்னெட்டின் பின்தகட்டில் மோதி மோதி அடிப்பக்கம் நசுங்கியிருந்தது.

முன்பக்கம் ஓட்டை வைத்த பாக்ஸ் எல்லாம் ஏதோ ஒரு அதிர்வெண்ணுக்கு, 45 அல்லது 50 ஹெர்ட்ஸ் என்று, டியூன் செய்யப்பட்டிருக்கும். அதற்குக் கீழே பாக்ஸுக்குள் இருக்கும் காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது, கோன் வெறுமனே ஆடும், சத்தமும் வராது. பாதி வாட் போனாலே எல்லையைத் தாண்டிவிடும். அதனால் பேச்சு மைக், பாட்டு மைக் எல்லாவற்றிலும் மிக்சரில் லோ கட் பட்டனை அமுக்குங்கள், அது பெரும்பாலும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வெட்டும். மொத்த லைனுக்கும் கிராஸ்ஓவரில் (சத்தத்தை அதிர்வெண்படி பிரிக்கும் கருவி) 45, 50 ஹெர்ட்ஸில் ஒரு ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டுவது) போடுங்கள். குடத்து மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வையுங்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு பாக்ஸ்கூட வில்லிசையில் போகவில்லை.

குழாய் லைன்

ரோட்டோரம் போஸ்ட்டுக்குப் போஸ்ட் குழாய் (ஹார்ன் ஸ்பீக்கர்) கட்டுகிற வேலைக்குக் கணக்கு வேறு. அகுஜா போன்ற பி.ஏ. ஆம்ப்களின் பின்னால் 4, 8, 16 ஓம் என்றும் 100 வோல்ட் என்றும் தனித்தனி முனை இருக்கும். 100 வோல்ட் லைனில் ஓம் பார்க்க வேண்டியதில்லை, ஒவ்வொரு குழாயின் டிரான்ஸ்ஃபார்மரிலும் எந்த வாட் டேப்பில் (முனையில்) மாட்டியிருக்கிறீர்கள் என்று கூட்டினால் போதும். 250 வாட் ஆம்பில் கூட்டுத்தொகை 200-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 16 ஓம் யூனிட்டை (குழாயின் பின்னால் மாட்டும் டிரைவர்) மறந்துபோய் 100 வோல்ட் லைனில் நேரே கொடுத்தால் அது கேட்பது 625 வாட். 30 வாட் யூனிட் எத்தனை நேரம் தாங்கும்? குழாயைக் கழற்றி யூனிட்டை மட்டும் கையில் வைத்துச் சத்தமாகச் சோதிப்பதும் கூடாது, முன்னால் குழாயின் காற்று இல்லாவிட்டால் டயாஃப்ரம் கட்டில்லாமல் ஆடிக் கிழிந்துவிடும். குழாய் ஓடும்போது பேஸ் நாப்பை நன்றாகக் குறைத்தே வையுங்கள், பேஸைக் குழாயால் தரவும் முடியாது.

வயர், கரண்ட், காற்று

மெல்லிய வயர் ஸ்பீக்கரைக் கெடுக்காது, ஆனால் உங்களைக் கூட்ட வைக்கும். 30 மீட்டர் தூரம் என்றால் போய் வர 60 மீட்டர் செம்பு. 1 ஸ்கொயர் எம்.எம். வயரில் அது 1 ஓமுக்கு மேல், 4 ஓம் லோடில் ஐந்தில் ஒரு பங்கு வயரிலேயே போய்விடும். 2.5 போடுங்கள். அதைவிட நல்லது ஆம்பை பாக்ஸ் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது.

டிரான்ஸ்ஃபார்மர் போட்ட கனமான ஆம்ப்களில், ஜெனரேட்டரோ லைனோ 230-க்குப் பதில் 190 வோல்ட் தந்தால் கிடைக்கும் வாட் மூன்றில் இரண்டாகக் குறையும். நேற்று கிளிப் ஆகாத அதே நாப் இன்று கிளிப் ஆகும். சீரியல் லைட் எல்லாம் போட்ட பிறகு ஒரு தடவை வோல்டேஜ் பாருங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றுக் காலத்தில் செட் போட்டவர்களுக்குத் தெரியும், பின்வரிசையில் நிற்பவர்களுக்குச் சத்தம் வந்து வந்து போகும். அது பவர் பத்தாததால் இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், அதைச் சரிக்கட்ட நான்கு மடங்கு பவர் வேண்டும். நடுவில் இரண்டு சின்ன பாக்ஸைக் கம்பத்தில் ஏற்றிவிடுங்கள், முன்னால் இருப்பதை வதைக்காதீர்கள். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் செட் வைத்திருப்பவர்கள் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். உப்புப் பிடித்த பின் விட்டுவிட்டுச் சேரும்போது வருகிற 'படார்' சத்தத்தில் யூனிட் போகும்.

ஸ்விட்ச் போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மைக் வயரைப் பிடுங்கும் முன்னால் அந்த சேனலை மூடுங்கள்.

நிகழ்ச்சி நடுவில் ஒரு பாக்ஸில் கரகரப்போ, கருகிய வாடையோ வந்தால் அந்த பாக்ஸை மட்டும் உடனே கழற்றிவிடுங்கள், யார் கோபப்பட்டாலும் பரவாயில்லை. கழற்றும் முன் ஆம்பை அணையுங்கள். பிறகு முன்னால் இருக்கும் மற்றதையும் அதே சத்தத்துக்கு ஏற்றாமல், கமிட்டிக்காரரிடம் போய் "இனி இவ்வளவுதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆறினதும் கோனை விரலால் அழுத்தி, 8 ஓம் என்றால் மீட்டரில் 6 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் அதைத் திரும்ப மாட்டுங்கள்.